தொங்பேக் என்று சொன்ன கப்பல்

தாக் மன்சிக்கின் சலவைக் கடைக்கு நேர் மேலே உள்ள மாடியில் நான் பல வருஷம் குடியிருந்தேன். இஸ்திரிப் பெட்டியின் ஆவி சீறும் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் கலந்து தரை வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். யொங்தோ தீவில் எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. கடை வாசலில் நின்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் கடலும், பூசான் துறைமுகத்துக்குள் நுழைய நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களும் தெரியும். மன்சிக் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார் என்றால் அன்றைக்குத் துணி தாமதமாகும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

சின்ன வயதில் கப்பல் ஏற வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மாலுமிப் பள்ளிக்கு எழுத்துத் தேர்வில் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். அவருக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே நிறம். எதிரே வரும் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அது பிரித்துத் தெரியாதவனை யாரும் கடலுக்கு அனுப்ப மாட்டார்கள். உறவுக்காரர் ஒருவரின் சலவைக் கடையில் சேர்ந்தார், பிறகு அந்தக் கடையே அவருடையதாயிற்று. கல்யாணமான புதிதில் யாரோ ஒருவரின் பச்சைச் சட்டைகளோடு ஒரு சிவப்புக் கழுத்துத் துணியையும் சேர்த்து வேகவைத்துவிட்டார். அன்றிலிருந்து நிறம் பிரிக்கிற வேலை முழுக்க அவர் மனைவி யொனியுடையது.

"இந்த மனுஷனுக்குக் கப்பல்ல ஆணி எங்க எங்க இருக்குன்னு தெரியும். நான் உடுத்தியிருக்கிறது என்ன நிறம்னு தெரியாது," என்று யொனி துணி வாங்க வருகிறவர்களிடம் சொல்வார்.

"என்ன நிறம்?" என்று தலை நிமிராமலே கேட்பார் மன்சிக்.

"ஊதா."

"அப்படின்னா உனக்கு நல்லாத்தான் இருக்கும்."

பழைய படங்களிலும் தொடர்களிலும் பின்னணியில் வந்துபோகும் கப்பல்களின் பெயரைக் கண்டுபிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. இணையத்தில் அதற்கென்று ஒரு குழு இருந்தது. பலர் புகைபோக்கியின் நிறத்தையும் பட்டையையும் வைத்துத்தான் கம்பெனியைச் சொல்வார்கள். நிறத்தை நம்பிப் பழகாத மன்சிக் எலும்புக்கூட்டைப் பார்ப்பார். மாலுமிகளின் அறைக்கட்டு நடுவில் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, சரக்குத் தூக்கும் கம்பங்கள் எத்தனை, முகப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஜன்னல்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு. கறுப்பு வெள்ளைப் படமென்றால் அவருக்கு இன்னும் வசதி. அதில் அவர் பார்ப்பதைத்தான் மற்றவர்களும் பார்க்கிறார்கள்.

எங்கள் சின்ன வயதில் 'கப்பல்துறைக் காவலர்' என்று ஒரு துப்பறியும் தொடர் வந்தது. அதன் நாடாக்களைப் பிற்பாடு அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். ஏதோ ஒரு கிடங்கில் சில சுருள்கள் மட்டும் தப்பிக் கிடந்து, சில வருஷங்களுக்கு முன்னால் உள்ளூர் அலைவரிசை ஒன்று அவற்றை மதிய வேளைகளில் ஒளிபரப்பியது. ஒரு வசந்த காலத்து மதியம் மன்சிக் பல் மருத்துவர் ஒருவரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரையில் கதாநாயகன் கடத்தல்காரனைத் துரத்தித் துறைமுக மேடையில் ஓடுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு சரக்குக் கப்பல் மெதுவாக வெளியே போகிறது. முகப்பில் நின்ற ஒருவர் கையை உயர்த்துகிறார். பெயர் எழுதியிருந்த இடத்தைக் கிடங்கின் பாரந்தூக்கி மறைத்துக்கொண்டது. அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது.

"கருகுது," என்றார் யொனி.

மன்சிக் பெட்டியைத் தூக்கினார். சட்டை முதுகில் பெட்டியின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது.

அந்தக் கப்பல் எது என்று குழுவில் வாரக்கணக்கில் பேச்சு. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மன்சிக் மட்டும் பதில் எழுதாமல் தேடிக்கொண்டிருந்தார். ஜப்பானில் கட்டி, பழையதாக நம் ஆட்கள் வாங்கிய இரட்டைக் கப்பல்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று தொங்பேக், இன்னொன்று மேஹ்வா. இரண்டும் பூக்களின் பெயர், ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்துக் கட்டியவை. அந்தத் தொடர் எடுத்த வருஷம் முழுக்க மேஹ்வா வெளிநாட்டு வாடகைக்குப் போயிருந்ததாக எங்கோ படித்திருந்தார். ஆகவே மீதி இருப்பது ஒன்றுதான். 'இது தொங்பேக். ஐயமில்லை,' என்று எழுதினார்.

அந்தப் பெயரை யொங்தோவில் எங்கள் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அமெரிக்கக் கரையில் மரம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வட பசிபிக்கில் காணாமல் போன கப்பல் அது. ஓர் ஆள் மிஞ்சவில்லை, ஒரு பலகை கிடைக்கவில்லை. இந்தத் தீவிலிருந்து மட்டும் பல வீட்டு ஆண்கள் அதில் போயிருந்தார்கள்.

கோடை தொடங்கும்போது குக் ஹேரான் என்ற பெண் கடைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. துணி எதுவும் கொண்டுவரவில்லை.

"கப்பல் பத்தி எழுதினது நீங்கதானே ஐயா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"எங்கப்பா தொங்பேக்ல போனாரு. குக் தேசொப்னு பேரு. எனக்கு அப்ப அஞ்சு வயசு. அந்தக் கப்பலையே நான் பாத்ததில்ல. அப்பா எதுல போனாருன்னு கேட்டா ஒரு பேரு மட்டுந்தான் இருந்துச்சு எங்ககிட்ட."

பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கப்பல் முகப்பில் குழாய்க் கம்பித் தடுப்பின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் சிரிக்கிறார். கடைசியாகப் புறப்படுவதற்கு முன் துறையிலேயே எடுத்தது. அதில் கப்பல் என்று சொல்ல அந்தக் கம்பிகளும் அவற்றுக்குப் பின்னால் தெரியும் தண்ணீரும் மட்டுந்தான். மன்சிக் அந்த மனிதரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

தொடரின் அந்தத் துண்டைச் செல்பேசியில் போட்டுக் காட்டினார். ஹேரான் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "இவரு கை காட்டுறாரே, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"அது தெரியாதும்மா. முகம் சரியா விழல."

"எங்கம்மாவுக்குக் காட்டணும்," என்றார் ஹேரான்.

அவருடைய அம்மா ஓக்னாம் அந்தத் துண்டை ஒரு தடவை பார்த்தாராம். மறுநாள் காலையில், "இன்னொரு தடவ போடு," என்றாராம். அதன்பின் தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை.

செய்தி பரவியது. தொங்பேக்கில் போனவர்களின் மனைவி, தம்பி, பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கடையைத் தேடி வந்தார்கள். ஒரே தீவில் இத்தனை வருஷம் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்கிறார்கள். ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்தன. கை உயர்த்தியவர் தம் வீட்டு ஆள்தான் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நம்பினார்கள். மீன் சந்தைக்குப் பனிக்கட்டி கொடுக்கும் யுக் சங்தோ மட்டும் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார், அது தன் அண்ணன் என்று.

"தோள பாருங்க. எங்க வீட்டுத் தோளு. தூக்குனா ஒரு பக்கம் சாயும்," என்று தன் கையையும் தூக்கிக் காட்டுவார்.

அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. திதி கொடுக்க நாள் தெரியாது. தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி தை மாதத்தில் சொல்லியனுப்பிய நாளில் சிலர் படைத்தார்கள். ஓக்னாம் கணவர் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளில் படைத்தார். சங்தோவின் வீட்டில், நாள் தெரியாமல் இறந்தவர்களுக்கென்று உள்ள ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில். அந்த வருஷம் எல்லாரும் அந்த ஒன்பதாம் நாளிலேயே அலைதடுப்புச் சுவரில் ஒன்றாகப் படைக்கலாம் என்று முடிவானது. கப்பலின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நடுவில் வைக்க வேண்டும் என்றார்கள். மன்சிக் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதினார். அங்கே யாரோ நல்ல மனம் படைத்தவர் மூலச் சுருளிலிருந்தே அந்தக் காட்சியைத் தெளிவாக எடுத்து அனுப்பினார்.

அந்தப் படம் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் கீழேயிருந்து ஆவிச் சத்தம் வரவில்லை. துணி வாங்கலாமென்று இறங்கிப் போனேன். மன்சிக் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். கணினித் திரையில் கப்பல், பக்கத்தில் ஹேரான் பிரதி எடுத்துக் கொடுத்திருந்த அப்பாவின் புகைப்படம்.

"என்ன ஆச்சு?" என்று யொனியிடம் கேட்டேன்.

"காலைலேர்ந்து இப்படித்தான்."

மன்சிக் திரையில் விரலை வைத்தார். ஒளிபரப்பில் கறுப்புக் கறை போலத் தெரிந்த கப்பலின் முகப்பு இப்போது துலக்கமாகத் தெரிந்தது. முகப்பைச் சுற்றிலும் கம்பித் தடுப்பு இல்லை. இரும்புத் தகடு, இடைவெளியே இல்லாமல் மார்பு உயரத்துக்கு. கை உயர்த்தியவர் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் நின்றார். புகைப்படத்தில் குக் தேசொப் சாய்ந்திருந்ததோ குழாய்க் கம்பி, பின்னால் தண்ணீர் தெரிகிற கம்பி. இரண்டும் ஒரே வருஷத்தில் எடுத்த படங்கள், இடையில் தடுப்பை மாற்றியிருக்க வழியில்லை.

"இது தொங்பேக் இல்ல," என்றார் மன்சிக். "மேஹ்வா. அதுக்கு மட்டும் முகப்புல தகடு போட்டிருக்காங்க. அந்த வருஷம் அது இங்க வந்துட்டுப் போயிருக்கு. நான் படிச்சது தப்பு. அந்தம்மா முதல் நாளே இந்தப் படத்த என் கையில குடுத்தாங்க. நான் கம்பியப் பாக்கல."

யொனி துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாருக்கும் தெரியாதுங்க," என்றார். அது கேள்வியா யோசனையா என்று எனக்குப் புரியவில்லை.

"தெரியாதுதான்."

"அந்தப் பாட்டி தினமும் காலைல அதப் பாத்துட்டுத்தான் சாப்பிடுறாங்களாம்."

"எனக்கும் தெரியும் யொனி."

அதன்பிறகு இரண்டு நாள் அவர் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஹேரானைக் கூப்பிட்டு, படையலுக்கு முன்னால் எல்லாரையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

பன்றிச் சூப்புக் கடையின் உள்ளறையில் கூடினார்கள். விஷயம் என்னவென்று தெரியாமல், அச்சடித்த படத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் சிலர் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். மன்சிக் என்னையும் யொனியையும் கூட வரச் சொன்னார். சூப்பு வந்து எல்லார் முன்னும் ஆவி பறந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு படங்களையும் மேஜைமேல் வைத்து, எது தகடு எது கம்பி என்று காட்டினார். "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது உங்க கப்பல் இல்ல," என்றார்.

சங்தோதான் முதலில் பேசினார். "ஐயமில்லைன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"எங்கம்மா சமாதிக்குப் போயி, அண்ணன் கை காட்டுறான்மா, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப மறுபடி போயி, இல்லம்மா, அது வேற எவனோன்னு சொல்லவா? நீங்க வந்து சொல்றீங்களா?"

சுவரோரம் இருந்த ஒரு பெண், "சொல்லாமலே விட்டிருக்கலாமே ஐயா. எங்களுக்கு என்ன தெரியப்போகுது," என்றார். குரலில் கோபம் இல்லை.

"விட்டிருக்கலாம்மா. ரெண்டு நாள் அப்படித்தான் நெனச்சேன்."

ஹேரான் தலை குனிந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓக்னாம், எழுபதைக் கடந்த சின்ன உருவம், கப்பலின் படத்தை இழுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தக் கப்பலுக்கு என்ன ஆச்சு?"

"மேஹ்வாவா? அது இன்னும் பல வருஷம் ஓடுச்சும்மா. அப்புறம் வயசாகி உடைச்சிட்டாங்க."

"இதுல இருந்தவங்க?"

"திரும்பி வந்துட்டாங்க."

"எல்லாரும்?"

"எல்லாருந்தான்."

"கை காட்டுறானே, இவனும்?"

"அவரும் வந்திருப்பாரும்மா."

ஓக்னாம் படத்தை மேஜைமேல் வைத்து, ஓரம் மடங்காமல் நீவிவிட்டார். "வீடு வந்து சேந்தான்ல," என்றார். "சரி. நல்லது."

பிறகு அவரே, "சூப்பு ஆறுது, சாப்பிடுங்க," என்றார். சங்தோ எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலமே மன்சிக் குழுவில் எழுதினார். தான் சொன்னது தவறு, அது மேஹ்வா, தொங்பேக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. எந்த அடையாளத்தை வைத்துத் தெரிந்தது என்பதையும் எழுதினார். சிலர் கேலி செய்தார்கள். சலவைக்காரருக்கே கறை தெரியவில்லையா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அதைப் படித்துவிட்டு யொனிக்கும் படித்துக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் அலைதடுப்புச் சுவரில் படையல் நடந்தது, படம் இல்லாமல். மன்சிக் போவதாக இல்லை. ஓக்னாம் வரச் சொன்னதாக ஹேரான் வந்து கூப்பிட்டதால் போய்ப் பின்வரிசையில் நின்றார். சங்தோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, கையை வைத்து மறைத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

இலையுதிர் காலம் முடிகிற சமயத்தில் நாம்ஹேயிலிருந்து ஒரு முதியவர் பேருந்தில் வந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டு சலவைக் கடைக்கு வந்தார். பெயர் பியொன் ஜேகு. கடலை விட்டபின் ஊரில் பூண்டுத் தோட்டம் போட்டிருக்கிறார். தான் வேலை பார்த்த கப்பலின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அவர் மகன் இணையத்தில் தேடியபோது மன்சிக்கின் மன்னிப்பு கண்ணில் பட்டிருக்கிறது.

"மேஹ்வால நான் தந்தி அதிகாரி," என்றார். "அன்னைக்கு உள்ள இருந்தேன், அதனால படத்துல நான் இல்ல. கை காட்டுறது எங்க கப்பல் தச்சர், வி-ங்கிற அண்ணன். படம் புடிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் முகப்புல போயி நின்னுக்கிட்டாரு. கீழேர்ந்து ஒருத்தன் ஒலிபெருக்கில, டேய் கையக் கீழ போடுடான்னு கத்துறான். அதுக்குத்தான் இவரு இன்னும் நல்லா தூக்குறாரு."

மன்சிக் பல வாரங்களுக்குப்பின் சிரித்ததை அன்று கேட்டேன். "இப்ப எங்க இருக்காரு?"

"போயிட்டாரு, நாலஞ்சு வருஷம் முன்னாடி. ஊர்ல ஆடு வளத்தாரு. தூக்கத்துலேயே போயிட்டாரு."

யொனி பார்லித் தேநீர் வைத்தார். ஜேகு குடிக்காமல் கிண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொங்பேக் வீட்டுக்காரங்கள்லாம் சேந்து படையல் போட்டாங்கன்னு எழுதியிருந்தீங்களே. ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாளு. ஏன் அன்னைக்கு? நாள் தெரியாதவங்களுக்கில்ல அது?"

"நாள் தெரியாதே," என்றார் மன்சிக்.

"தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. கம்பெனி, தேடுறத நிறுத்தியாச்சுன்னு மட்டும் சொல்லுச்சாம்."

ஜேகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் சொன்னேனே," என்றார். "பூசான்ல இறங்கின அன்னைக்கே கம்பெனி ஆபீசுக்குப் போயி, மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிருவோம்னாரு. நானும் அவங்களுக்கெல்லாம் தெரியும்னே இருந்துட்டேன்."

மறுநாள் ஓக்னாமின் வீட்டில் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள், மன்சிக்கும் யொனியும் நானும் போயிருந்தோம். சங்தோவும் வந்தார், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜேகு சொன்னது இதுதான். ஒரே கம்பெனிக் கப்பல்கள் என்பதால் கடலில் இருக்கும்போது இரண்டு தந்தி அதிகாரிகளும் மாலை ஆனால் வானொலியில் பேசிக்கொள்வார்கள். தொங்பேக்கில் இருந்தவர் மியொங் என்று ஓர் இளைஞர், வேடிக்கையாகப் பேசுகிறவர். அந்த முறை மேஹ்வா கிழக்கே போய்க்கொண்டிருந்தது, தொங்பேக் மரத்தோடு மேற்கே வந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பேசியது குளிர்காலத்தில் இரவு மிக நீண்டிருக்கும் நீளிரவு நாளில்.

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று சங்தோ கேட்டார். மன்சிக்கைப் பார்த்துக் கேட்க வேண்டியதையும் சேர்த்துக் கேட்டது போல இருந்தது.

"எங்க சமையல்காரர் அன்னைக்குச் சிவப்புப் பயறுக் கஞ்சி வெச்சிருந்தாரு. நடுக்கடல்ல கஞ்சி கெடச்சுதேன்னு நான் மியொங்கிட்ட பெருமை அடிச்சேன். அவன், எங்க கப்பல்ல பயறு தீந்துபோச்சு, மரக்கட்டை வேணும்னா ஒரு கிண்ணம் தர்றேன், கஞ்சிய இந்தப் பக்கம் தள்ளுன்னான். அலை பக்கவாட்டுல அடிக்குது, மேல்தட்டு மரம் அசையுதுன்னும் சொன்னான். நாளைக்குப் பேசலாம்னான். மறுநாள் கூப்பிட்டேன். அதுக்கு மறுநாளும். கப்பல் கரை சேர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

சங்தோ உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஓக்னாம் மகளைப் பார்த்து, "நீளிரவாமே," என்றார்.

"ஆமாம்மா."

"அன்னைக்கு நான் வாசல்ல தெளிச்சேன்."

ஹேரானுக்கு உடனே புரிந்தது, எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. நீளிரவு நாளில் பயறுக் கஞ்சி காய்ச்சி, முதல் கரண்டியை வாசலிலும் நிலைப்படியிலும் தெளிப்போம். செத்தவர்களின் ஆவி அந்தச் சிவப்பைக் கண்டு அண்டாது என்பதற்காக. அதனால்தான் திதிப் படையலில் சிவப்புப் பயறு சேர்ப்பதே இல்லை.

"அந்த வருஷம் மட்டுமில்ல," என்றார் ஓக்னாம். "ஒரு வருஷம் விடல. அவருக்கு அந்தக் கஞ்சின்னா உயிரு. இருந்திருந்தா கேப்பாரேன்னுதான் வெப்பேன். வெச்சா வாசல்ல தெளிக்கணுமே, தெளிச்சேன். அவரு வர்ற நாளாப் பாத்து வெரட்டியிருக்கேன்."

"அம்மா, உங்களுக்கு நாள் தெரியாதில்ல."

"தெரியாது."

"தெரியாம செஞ்சதுக்கு அப்பா கோவிச்சுக்குவாரா?"

ஜேகு தரையில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலை தாழ்த்தினார், அவரை விட மூத்தவரல்ல ஓக்னாம் என்றாலும். "நேர்ல வந்து சொல்லியிருக்கணும்மா," என்றார். ஓக்னாம் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து நிமிர்த்தினார். "நீங்க தினமும் கூப்பிட்டீங்களே," என்றார். "நாங்க யாரும் கூப்பிடாதப்ப நீங்கதானே கூப்பிட்டீங்க."

கிளம்பும்போது சங்தோ வாசலில் மன்சிக்குக்காகக் காத்து நின்றார். "எங்கம்மாகிட்ட நாளைக்குப் போறேன்," என்றார். "நாளு தெரிஞ்சுதுன்னு சொல்லணும். தச்சர் கதையையும் சொல்லணும், சிரிப்பாங்க." இருவரும் மலையிறக்கத்தில் ஒன்றாகவே நடந்து போனார்கள்.

மன்சிக் அதற்குப் பிறகும் கப்பல்களைத் தேடுவதை விடவில்லை. ஆனால் பதில் எழுதும் முன், அந்தக் கப்பலில் போனவர்களின் வீட்டு ஆள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரிப்பார். பல சமயம் விசாரிப்பதோடு நின்றுவிடுவார், பதில் எழுத மாட்டார். தொங்பேக்கின் முழுப் படம் ஒன்று கிடைக்குமா என்று ஜப்பானில் அது கட்டப்பட்ட ஊருக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். இதுவரை கிடைக்கவில்லை.

அந்த வருஷம் நீளிரவு நாளன்று பகலிலிருந்தே எங்கள் தெரு முழுக்கப் பயறு வேகும் வாசனை. யொனி கஞ்சி வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஓக்னாமின் வீட்டுக்குப் போனோம். தொங்பேக் குடும்பங்கள் அவரவர் வீட்டில் படைத்தார்கள். அங்கே ஓக்னாமும் ஹேரானும் ஹேரானின் கணவரும் மட்டும். வெள்ளைச் சோறு, முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் போட்ட சூப்பு, வேகவைத்த மீன், பேரிக்காய். கம்பியில் சாய்ந்து சிரிக்கிற அந்தச் சின்னப் புகைப்படம் நடுவில். ஹேரான் விளக்கேற்றிவிட்டு, காற்று உள்ளே வருகிறதே என்று கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே இருக்கட்டும்," என்றார் ஓக்னாம். "வாசக் கதவையும் திறந்து வை."

நல்ல குளிர். நாங்கள் மேல்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். ஊதுபத்திப் புகை கதவுப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மன்சிக் எழுந்து போய்ப் பார்த்து, வாசல் கதவு காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அணைத்து வைத்துவிட்டு வந்தார்.